வகுப்பில் ரிப்பன் கட்டி ஏற்றத்தாழ்வு சொல்லிக்கொடுக்கலாமா?

2024 ஜூலை 5 — கேள்வி

வியாசர்பாடி பக்கம் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் இந்த ஆண்டுதான் சேர்ந்தேன். ஏழாம் வகுப்பு, சமூக அறிவியல். ‘சமத்துவம்’ பாடம் வரப்போகிறது. அமெரிக்காவில் 1968-ல் ஜேன் எலியட் என்ற ஆசிரியை தன் வகுப்பைக் கண்ணின் நிறத்தை வைத்து இரண்டாகப் பிரித்து, பாகுபாடு எப்படி வலிக்கும் என்று காட்டினாராம். நம் பிள்ளைகளுக்குக் கண் எல்லாம் ஒரே நிறம். அதனால் பாதிப் பேருக்குப் பச்சை ரிப்பன், பாதிப் பேருக்கு மஞ்சள் ரிப்பன் கையில் கட்டலாம் என்று யோசிக்கிறேன். ஒரு நாள் மஞ்சள் கட்டியவர்கள் கடைசி பெஞ்ச், சாப்பாட்டு வரிசையில் கடைசி. மறுநாள் மாற்றிவிடுவேன். சீனியர்கள் யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

2024 ஜூலை 6, காலை

வேண்டாம் தம்பி. நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது, அதனால்தான் நேராகச் சொல்கிறேன். தமிழ்நாட்டுப் பள்ளியில் ஒரு பிள்ளையின் கையில் கலர் ரிப்பன் கட்டுவது விளையாட்டு ஆகாது. தென் மாவட்டங்களில் எந்தக் கலர் கயிறு எந்தச் சாதி என்று பிள்ளைகளுக்கே அத்துப்படி. பள்ளிக் கல்வித் துறை இதைப் பற்றி 2019-லேயே சுற்றறிக்கை அனுப்பியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு தேடிப்போய் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு போன மாதம்தான் அறிக்கை கொடுத்தது. கலர் கயிறு, மோதிரம், நெற்றியில் அடையாளம் எதுவும் பள்ளிக்குள் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அறிக்கையின் மை காய்வதற்குள் நாமே கயிறு கட்டினால் எப்படி?

எலியட் அம்மாவின் வகுப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது அயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்ற சின்ன ஊர். மூன்றாம் வகுப்பு, எல்லாரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்ற மறுநாள் அவர் அதைத் தொடங்கினார். தோலின் நிறத்துக்காக ஒரு நாள்கூட ஒதுக்கப்படாத பிள்ளைகளுக்கு அந்த வலியைக் கொஞ்சம் காட்டுவதுதான் நோக்கம். உங்கள் வகுப்பில் அந்த வலி தெரியாத பிள்ளை எத்தனை பேர்? தெரிந்தவர்களுக்கு அதை மறுபடி ஊட்டி எதைக் கற்றுக்கொடுக்கப் போகிறோம்?

2024 ஜூலை 6, இரவு

‘சென்னையில் கயிறு எல்லாம் கிடையாது மேடம், பயப்படாதீர்கள்’ என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். இங்கே கயிறு குறைவு, அது உண்மை. ஆனால் என் வகுப்பில் பாதிப் பேருக்குச் சொந்த ஊர் வேறு. திருவிழாவுக்குப் போய்த் திரும்பும்போது கையில் எதைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள், போனில் என்ன ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள்.

2024 ஜூலை 9

சரி, ரிப்பன் வேண்டாம் என்றால் பிறகு என்ன, பாடப் புத்தகத்தை வாசித்துவிட்டுப் போவதா என்று தம்பி கேட்கிறார். இல்லை. வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். நான் முதலில் போவது பாரிமுனைக்கு.

டேர் ஹவுஸ் கட்டடத்தை ஒட்டி ஒரு கல் தூண் நிற்கும். நான்கு பக்கமும் சரிந்து மேலே கூம்பி இருக்கும். பஸ்ஸில் போகும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 1773-ல் இப்படி ஆறு தூண் நட்டார்கள், மிஞ்சியது இது ஒன்றுதான். புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து இந்தக் கோடு வரைக்கும் யாரும் எந்தக் கட்டடமும் எழுப்பக் கூடாது என்பதற்கு அடையாளம்.

பிள்ளைகள் உடனே கேட்பார்கள்: “ஏன் மிஸ், இங்க என்ன இருந்துச்சு?” வீடுதான் இருந்தது. இப்போது ஹைகோர்ட் நிற்கும் இடத்தில்தான் முதல் கறுப்பர் நகரம். கோட்டைக்குள் வெள்ளையர் நகரம், வெளியே ஒட்டியபடி நெசவாளர், வியாபாரி, துபாஷ் (வெள்ளையருக்கு மொழிபெயர்த்த தரகர்), கூலிக்காரர் குடியிருந்த நகரம். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து, 1749-ல் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் கோட்டைக்கு அருகில் இருந்த வீடுகள் இடிபட்டன. எதிரி வந்தால் பீரங்கிக்கு எதிரே மறைப்பு இருக்கக் கூடாது, வெட்டவெளி வேண்டும் என்று ஆங்கிலேயர் மிச்சத்தையும் எடுத்துவிட்டு, ஜனங்களை வடக்கே தள்ளினார்கள். முத்தியாலுப்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை இரண்டும் சேர்ந்து புதிய கறுப்பர் நகரம் ஆனது. அதற்குத்தான் பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் பெயரை வைத்து ஜார்ஜ் டவுன் என்றார்கள்.

தூணுக்குப் பக்கத்தில் நின்றபடி இரண்டே கேள்வி கேட்பேன். இந்த விதியை யார் போட்டது? இதனால் யாருக்கு என்ன மிச்சம்? பதில் நோட்டில் எழுத வேண்டாம், அங்கேயே பேசட்டும். வாய் திறக்காத ஒரு பையன் ஒரு தடவை சொன்னான்: “எங்க வூட்டயும் இப்டித்தான் மிஸ் அளந்துட்டுப் போனாங்க.” கால்வாய் ஓரத்துக் குடியிருப்பிலிருந்து வரும் பையன். அதிகாரிகள் பெயிண்டால் நம்பர் போட்ட சுவரைத்தான் சொன்னான். வகுப்பறையில் உட்கார்ந்து ‘இடஞ்சார்ந்த ஒதுக்கல்’ என்று நான் கரும்பலகையில் எழுதியிருந்தால் அந்தப் பேச்சு வந்திருக்காது.

2024 ஜூலை 10

போகிறவர்களுக்கு: காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். அதற்குப் பிறகு பாரிமுனையில் பிள்ளைகளை ரோடு தாண்ட வைப்பது ஆபத்து. பெற்றோர் கையெழுத்து, தலைமையாசிரியர் அனுமதி, கூட இன்னொரு ஆசிரியர், தண்ணீர் பாட்டில். கால் வலிக்காதவர்கள் அங்கிருந்து வால்டாக்ஸ் ரோடு. ஊரைச் சுற்றிக் கட்டிய மதிலுக்கு வரி போட நினைத்ததில் வந்த பெயர் அது. அந்த மதிலின் ஒரு துண்டு பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்காவாக இன்னும் நிற்கிறது. மேலே ஏறிக்கூடப் பார்க்கலாம்.

2024 ஜூலை 14

கீழே ஒரு சார் கேட்டிருப்பது நியாயமான கேள்வி. ‘வெள்ளைக்காரன் செய்ததைச் சொல்லிக்கொடுப்பது சுலபம். செத்துப்போனவன் மேல் யாரும் கோபப்படலாம். நம்மவர் செய்ததை எப்போது சொல்வீர்கள்?’

அதே நடையில்தான் சொல்கிறேன். மண்ணடியைத் தாண்டும்போது வலங்கை, இடங்கை பற்றிப் பேசுவேன். அந்தக் காலத்தில் சாதிகள் இந்த இரண்டு அணியாக நின்றன. யார் கல்யாண ஊர்வலம் எந்தத் தெருவில் போகலாம், யார் என்ன கொடி பிடிக்கலாம், குடை பிடிக்கலாம் என்பதில் எல்லாம் சண்டை. 1652-லேயே இங்கே பெரிய மோதல். 1707-ல் தாமஸ் பிட் கவர்னராக இருந்தபோது நகரமே முடங்குகிற அளவுக்கு வந்தது. கடைசியில் பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியாலுப்பேட்டை இடங்கைக்கு என்று பிரித்தார்கள். கோட்டைக்காரன் நிறத்தால் ஒரு கோடு போட்டான். கோட்டுக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள் தங்களுக்குள் தெருவுக்குத் தெரு கோடு போட்டுக்கொண்டார்கள். இந்த இரண்டு கோட்டையும் ஒரே காலைப் பொழுதில் காட்டினால், ஏற்றத்தாழ்வு என்பது யாரோ ஒரு கெட்டவன் செய்த வேலை என்ற எண்ணம் பிள்ளைகளிடம் தங்காது.

இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. பறையர்கள் வலங்கை அணியில் சேர்ந்தவர்கள். சண்டை என்றால் முன்னால் நிற்க அவர்கள் வேண்டும். குடியிருக்க மட்டும் ஊருக்கு ஓரத்தில் சேரி. ஒரு பெண் இதைக் கேட்டுவிட்டு, “அப்போ கூட்டத்துல சேத்துக்குவாங்க, தெருவுல சேத்துக்க மாட்டாங்க” என்றாள். நான் அரை மணி நேரம் பேசியதை ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

2024 ஜூலை 21

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். ஒருவர் புளியந்தோப்பு பற்றிக் கேட்டிருக்கிறார். பெரம்பூர், புளியந்தோப்பு, ஓட்டேரி பக்கம் பாடம் எடுப்பவர்கள் 1921-ஐத் தொடாமல் போகவே கூடாது என்பது என் கட்சி.

பக்கிங்காம் மில், கர்நாடிக் மில். நம் வாயில் பின்னி மில். என் மாணவர்களின் கொள்ளுத்தாத்தாக்கள் எத்தனையோ பேர் அங்கே வேலை பார்த்தவர்கள். மில் சங்கு ஊதினால்தான் அடுப்பில் உலை வைப்பார்கள் என்று சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் இங்கேதான் பிறந்தது. பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு. நாட்டிலேயே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று. இதுவரைக்கும் எல்லா ஆசிரியர்களும் சந்தோஷமாகச் சொல்லிக்கொடுப்பார்கள்.

1921-ல் ஜூன் முதல் அக்டோபர் வரை வேலைநிறுத்தம். இந்து, முஸ்லிம் தொழிலாளர்கள் வெளியே நின்றார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். அவர்களின் தலைவரான எம்.சி. ராஜாவும் அவர்களை வேலைக்குப் போகத்தான் சொன்னார். அப்புறம் நடந்ததுதான் கொடுமை. புளியந்தோப்பில் மாறி மாறித் தாக்குதல், குடிசைகளுக்குத் தீ, போலீஸ் துப்பாக்கிச் சூடு, சாவு. கடைசியில் வேலைநிறுத்தமும் தோற்றது.

பாடம் முடிந்ததும் முன் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். “ஸ்ட்ரைக்ல வேலைக்குப் போறது துரோகம் தானே மிஸ்?” அவன் அப்பா துறைமுகத்தில் சங்கத்துக்காரர். வகுப்பு அமைதியாகிவிட்டது. இந்தத் தெருவின் பிள்ளையும் அந்தத் தெருவின் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் எந்தத் தெரு என்று எல்லாருக்கும் தெரியும். நான் பதில் சொல்லவில்லை, திருப்பிக் கேட்டேன். கையில் ஒரு மாதத்துக்கு அரிசி வாங்கப் பணம் இல்லாதவர் எத்தனை நாள் வெளியே நிற்க முடியும்? கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நின்றால்? சரி, அதை விடுங்கள். நேற்று வரைக்கும் உங்கள் குழாயில் தண்ணீர் பிடிக்க விடாதவர் இன்றைக்கு ‘நாம் எல்லாரும் தொழிலாளர்’ என்று வந்து தோளில் கை போட்டால் உடனே நம்புவீர்களா?

அன்றைக்கு மணி அடித்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை. அந்தப் பையன் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. “அப்போ ஸ்ட்ரைக்குக்கு முன்னாடியே தண்ணி புடிக்க வுட்டுருக்கணும்” என்று மட்டும் சொன்னான். ஒற்றுமை முதலில் வருமா, சமத்துவம் முதலில் வருமா என்று பெரியவர்கள் நூறு ஆண்டாகச் சண்டை போடுகிறோம். பதின்மூன்று வயதுப் பையன் தன் வழியில் அங்கே வந்து நிற்கிறான்.

2024 ஜூலை 22

நேற்று எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். இந்தப் பாடத்தை நாடகமாகப் போடலாமே என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நான் போட மாட்டேன். யாருக்கு எந்த வேடம் என்று பங்கு பிரிக்கும் அந்த நிமிடமே தப்பு நடந்துவிடும். குடிசை எரிந்தவராக நடிக்க யார் முன்வருவார்கள், யாரைப் பிள்ளைகளே தள்ளிவிடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். ரிப்பன் வேண்டாம் என்று சொன்னதும் இதே காரணத்துக்குத்தான்.

2024 ஜூலை 28

இடஒதுக்கீடு அரசியல் சட்டத்தோடு வந்தது, அதற்கு முன் இல்லை என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். அரசு வேலையைச் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணை சென்னை மாகாணத்தில் 1921-லேயே வந்துவிட்டது. 1928-லிருந்துதான் சரியாக நடைமுறை ஆனது. 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. இங்கே எழுந்த எதிர்ப்பில்தான் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தமே வந்து, பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) பிரிவு சேர்ந்தது.

இதை வகுப்பில் சொல்ல எனக்குப் பிடித்த வழி நாற்காலி. அந்த அரசாணையில் 12 வேலை ஒரு சுற்று. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவர், ஆங்கிலோ இந்தியருக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1. பன்னிரண்டு நாற்காலியைப் போட்டு ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டிவிடுவேன். யாரையும் உட்கார வைக்க மாட்டேன், வெறும் நாற்காலிதான். சுற்றி வந்து பார்க்கட்டும். அதற்கு முன் யார் எத்தனை நாற்காலியில் இருந்தார்கள் என்று கேட்பார்கள், அது முதல் நல்ல கேள்வி. கடைசி நாற்காலியைக் காட்டி “இது ஒண்ணே ஒண்ணா?” என்பார்கள். அது இரண்டாவது.

புளியந்தோப்பு எரிந்ததும் முதல் வகுப்புவாரி அரசாணை வந்ததும் ஒரே 1921. ஆட்சியில் இருந்ததும் ஒரே நீதிக் கட்சி. அந்தக் கட்சியோடு மனம் கசந்து ராஜா 1923-ல் வெளியேறினார். அதே கட்சியின் தியாகராயர்தான் 1920-ல் மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவுக்கு வழி செய்தவர், நம் பழைய வண்ணாரப்பேட்டைக் கல்லூரிக்குப் பெயரைக் கொடுத்தவர். நல்லவர், கெட்டவர் என்று இரண்டு கலம் போட்டு நிரப்பச் சொல்லும் பயிற்சித்தாள் இதற்கு உதவாது.

2024 ஆகஸ்ட் 4

இத்தனை நாள் வரலாறு பேசினோம். பள்ளிக்குள் நடப்பதையும் பேசிவிட வேண்டும், அடக்கிக்கொள்ள முடியவில்லை.

எந்தப் பள்ளி என்று சொல்லப் போவதில்லை. காலை முதல் பீரியட். அலுவலகத்திலிருந்து ஒருவர் வாசலில் வந்து நின்று, “எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க” என்பார். எழுந்திருப்பார்கள். ஒருவர் தலையை எண்ணுவார், சாதிச் சான்றிதழ் நகல் தராதவர் பெயரைச் சத்தமாக வாசிப்பார். மற்றவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒரு நிமிடம்தான் ஆகும். அந்த ஒரு நிமிடத்தைப் பத்து பாடம் நடத்தினாலும் அழிக்க முடியாது. எழுந்து நிற்க வெட்கப்பட்டு, உதவித்தொகையே வேண்டாம் என்று விட்ட பெண்ணை எனக்குத் தெரியும். அவள் உட்கார்ந்தே இருந்தாள், டெஸ்க்கின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டு.

மாற்று வழி கடினமே இல்லை. பட்டியல் வகுப்பாசிரியரிடம் இருக்கிறது. பெற்றோருக்குப் போன் போடலாம். மடித்த துண்டுச் சீட்டை நோட்டுக்குள் வைத்துக் கொடுக்கலாம். நான் சண்டை போட்டு எங்கள் பக்கம் இதை நிறுத்தினேன். சண்டை கொஞ்சம் கசப்பாகவே முடிந்தது. பரவாயில்லை.

அம்பேத்கர் பள்ளிக்குக் கோணிப் பையை எடுத்துப்போய் அதில் தனியாக உட்கார்ந்ததையும், பியூன் மேலே இருந்து ஊற்றினால்தான் தண்ணீர், பியூன் வராத நாளில் தாகத்தோடு வீடு திரும்பியதையும் நாம் கண் கலங்கச் சொல்லிக்கொடுக்கிறோம். சொல்லி முடித்து வெளியே வரும்போது வாசலில் அந்த அலுவலர் பட்டியலோடு நிற்கக் கூடாது. என் கேள்வி இவ்வளவுதான்.

2024 ஆகஸ்ட் 5

‘அப்படியானால் பிள்ளைகளிடம் அவரவர் அனுபவத்தைக் கேட்கவே கூடாதா?’ நீங்களாகத் தோண்டிக் கேட்க வேண்டாம், தானாக வந்தால் காது கொடுத்துக் கேளுங்கள். இரண்டும் வேறு. ‘உன் வீட்டில் இப்படி நடந்திருக்கிறதா, எழுந்து சொல்’ என்பது எனக்கு அந்தப் பட்டியலுக்குக் கொஞ்சமும் குறைவாகத் தெரியவில்லை. தானாக ஒருவன் சொன்னால் முழுக்க கேட்டுவிட்டு நன்றி சொல்லுங்கள். அதை அடுத்த வகுப்பில் உதாரணமாக எடுத்துவிடாதீர்கள்.

2024 ஆகஸ்ட் 11

பேச்சு இப்போது வட சென்னை என்ற பெயருக்கே திரும்பிவிட்டது, அதுவும் நல்லதுதான். அண்ணாநகரிலிருந்து எழுதும் மேடம், ‘சாதி பற்றிப் பேச என் வகுப்பு தயங்குகிறது, எங்கே தொடங்குவது’ என்கிறார். என் பிள்ளைகள் தாங்களே எடுக்கும் விஷயம் முகவரி. இன்டர்வியூவில் புளியந்தோப்பு என்று சொல்லக் கூடாது, பெரம்பூர் என்று சொல்ல வேண்டும் என்று அக்கா சொல்லிக்கொடுத்திருப்பாள். வியாசர்பாடி என்றால் ஆட்டோக்காரர் வர மாட்டார். சினிமாவில் நம் ஏரியா வந்தாலே கையில் கத்தி. இதைச் சொல்ல யாருக்கும் தயக்கம் இல்லை, ஏனென்றால் எல்லாருக்கும் பொது.

அங்கிருந்து மெதுவாக வரலாற்றுக்குள் இறக்குவேன். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. துறைமுகம், மில், ரயில் பணிமனை எல்லாம் இந்தப் பக்கம். உழைக்க ஆள் வேண்டும், அவர்கள் வேலைக்குப் பக்கத்தில் குடிசை போட்டார்கள். அப்புறம் எண்ணூரில் அனல் மின் நிலையம், கொடுங்கையூரில் குப்பை மேடு. நகரத்துக்கு வேண்டாதது எல்லாம் எந்தத் திசைக்கு வந்தது என்று ஒரு மேப்பில் பென்சிலால் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஒரு பகுதியின் கெட்ட பெயர் அங்கே இருப்பவர்களின் குணத்தால் வந்ததா என்ற கேள்வி தானாக வரும். தெருவின் மேல் ஒட்டிய பெயரைப் பற்றி இப்படி யோசிக்கப் பழகியவர்கள், சாதியின் மேல் ஒட்டிய பெயரைப் பற்றிப் பேசும்போது அவ்வளவாக மிரளுவதில்லை. அண்ணாநகரில் அதே மேப்பைக் கொடுத்துப் பாருங்கள் மேடம். உங்கள் பக்கம் புள்ளி விழாது. அதுவும் பாடம்தான்.

2024 ஆகஸ்ட் 18

ஜூலையில் இரண்டு கேள்வி என்று எழுதினேன். யோசித்துப் பார்த்தால் மூன்றாவது ஒன்றும் தேவைப்படுகிறது: இதை யார் எதிர்த்தது, எப்படி?

காரணம் இந்த வாரம் நடந்தது. நடை, மில், மேப் எல்லாம் முடித்த வகுப்பில் ஒரு பெண், “எல்லாரும் நம்மள அடிச்சிக்கினேதான் இருந்தாங்களா மிஸ்?” என்றாள். பட்ட துன்பத்தை மட்டும் வரிசையாகச் சொல்லி நிறுத்தினால் பிள்ளைகளின் தலை குனிந்துவிடுகிறது. மறுநாளே இரட்டைமலை சீனிவாசனை எடுத்தேன். சட்ட மேலவையில் 1924-ல் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் குளம், அரசுக் கட்டடம் எதிலும் யாரையும் தடுக்கக் கூடாது என்று. அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன் எம்.சி. ராஜா, பறையர், பஞ்சமர் என்று அரசு ஆவணத்தில் எழுதுவதை விட்டு ஆதிதிராவிடர் என்று எழுத வைத்தார். 1937-ல் சிவசண்முகம் பிள்ளை இந்த மாநகரத்தின் மேயர் ஆனார், தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து முதல் மேயர்.

சீனிவாசனின் நினைவிடம் ஓட்டேரியில் இருக்கிறது என்றதும் வகுப்பு நிமிர்ந்தது. “எங்க தெருவுக்குப் பின்னாடி மிஸ்! அங்கதான் நாங்க பந்து ஆடுவோம்!” வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் போய் அம்பேத்கரோடு உட்கார்ந்தவர் தங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிறார் என்பது அவர்களுக்குப் பெரிய பெருமை. பந்து பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. தாராளமாக ஆடட்டும்.

2024 செப்டம்பர் 1

தலைமையாசிரியர் ‘வகுப்பில் அரசியல் பேசாதீர்கள்’ என்றாராம், தம்பி கவலையோடு எழுதியிருக்கிறார். புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள். ஆறாம் வகுப்பில் ‘சமத்துவம் பெறுதல்’, ஏழில் நீங்கள் எடுக்கும் ‘சமத்துவம்’, பத்தில் ‘தமிழ்நாட்டில் சமூக மாற்றங்கள்’. அயோத்திதாசர், ராஜா, சீனிவாசன், தொழிலாளர் இயக்கம் எல்லாம் அரசு அச்சிட்ட பக்கத்திலேயே இருக்கிறது. புத்தகம் பெயரைச் சொல்கிறது, நாம் தெருவைக் காட்டுகிறோம். அதிகாரியிடம் பேசும்போது பக்க எண்ணோடு பேசுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். நேரத்துக்கும் அதிகம் தேவையில்லை. ஒரு சனிக்கிழமை நடை, நாற்காலிக்கு ஒரு பீரியட், மில்லுக்கு இரண்டு. காலாண்டுக்கு முன்னால் முடித்துவிடலாம்.

2024 செப்டம்பர் 8

இந்த வாரம் நாற்காலிப் பாடத்தை எட்டாம் வகுப்பிலும் எடுத்தேன். ஒரு மாணவி பன்னிரண்டையும் சுற்றி வந்துவிட்டு, “இதுல பொம்பளைங்க நாற்காலி எது மிஸ்?” என்றாள். அரசாணையில் அப்படி எதுவும் இல்லை. சென்னை மாகாணத்தில் சொத்துள்ள பெண்களுக்கு வாக்குரிமை 1921-லேயே கிடைத்துவிட்டது. ஆனால் அரசு வேலையில் பெண்களுக்கு 30 சதவீதமும், பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சம பங்கும் தமிழ்நாட்டில் 1989-ல்தான் வந்தது. இடையில் இருக்கும் 68 ஆண்டுகளில் வட சென்னைப் பெண்கள் என்ன வேலை செய்தார்கள், என்ன கூலி வாங்கினார்கள் என்று காலாண்டு விடுமுறை முடிந்ததும் தனிப் பாடமாக எடுக்கப் போகிறேன். மீன் ஏலக் கூடம், தீப்பெட்டிக் கம்பெனி, துறைமுகத்தில் தானியம் கூட்டிப் பெருக்குவது, வீட்டு வேலை எதுவாக இருந்தாலும் சரி. யார் வீட்டிலாவது பழைய கூலிச் சீட்டோ ரேஷன் கார்டோ வேலைக்குப் போகிற பாட்டியின் புகைப்படமோ இருந்தால், பெயரை மறைத்துப் படம் எடுத்து இங்கே போடுங்கள். சீட்டில் எழுதியிருக்கும் தொகையும் ஆண்டும் மட்டும் தெளிவாகத் தெரிய வேண்டும்.